விளாதிமிர் என்னும் பெயர்: வடிவும் பொருளும் வரலாறும்

மக்கட்பெயர்கள் ஒரு மொழியின் பழஞ்சொற்களைப் பேணிவைக்கும் பேழைகள் எனலாம். பேச்சு வழக்கில் மறைந்தொழிந்த சொல்லும் பெயருள் ஒடுங்கி நெடுங்காலம் நிலவும். ஆயின் அச்சொல்லின் பொருள் மறந்துபோன பின்னர் மக்கள் அதனைப் பொருளற்ற ஒலியாக விட்டுவைப்பதில்லை. தாம் அறிந்த மற்றொரு சொல்லே அஃது எனக் கொண்டு, அதற்கேற்ப வடிவையும் சிறிது திரித்துப் புதுப்பொருள் கற்பித்துக் கொள்வர். இடுகுறியாய் நிற்கும் பெயரைக் காரணப்பெயராக்கிக் காண்பதில் மக்கள் மனத்திற்கு உள்ள வேட்கை பெரிது. சொற்கள் தத்தம் பொருளைப் பெற்ற காரணம் வெளிப்படத் தோன்றுவதன்று எனத் தொல்காப்பியர் உரியியலிற் கூறிய கருத்து, பெயராராய்ச்சியில் இறங்குவார் ஒவ்வொருவரும் நெஞ்சிற் கொள்ளத்தக்கது.

உருசிய நாட்டு ஆடவர் பெயர்களுள் தமிழ் மக்கள் நன்கறிந்த ஒன்று விளாதிமிர் என்பது. 1917ஆம் ஆண்டுப் புரட்சியை நடத்திய லெனினது இயற்பெயர் விளாதிமிர் இலியிச் உலியானவ் ஆகும். அவர்தம் நூல்கள் மாசுக்கோவிலேயே தமிழில் அச்சிடப்பெற்று நம் நாட்டிற்கு வந்தமையால், இப்பெயர் நம் ஊர்ப்புற நூலகங்கள் வரை பரவிற்று. இதற்கு 'உலகை ஆள்பவன்' என்பதே பொருள் என்று பலரும் கூறக் கேட்கிறோம். 'அமைதியை ஆள்பவன்' என்பாரும் உளர். பெயரின் இறுதியில் நிற்கும் 'மிர்' என்னும் சொல்லுக்கு இன்றைய உருசிய மொழியில் உலகம், அமைதி என்னும் இரு பொருளும் உண்மையின் இவ்விளக்கங்கள் எளிதிற் பொருந்துவனபோலத் தோன்றுகின்றன. எளிதிற் பொருந்துவது யாவும் உண்மையாகாது. இப்பெயரின் பிறப்புப் பொருள் யாது, அஃது எவ்வாறு மறைந்தது, மறைந்தபின் வந்த பொருள்களுக்கு என்ன மதிப்பளிப்பது என்பனவற்றை இக்கட்டுரையில் ஆராய்வாம்.

பெயரின் அமைப்பு

பண்டைச் சிலாவிய மக்களிடையே தலைமைக் குடியினர் இருசொற் பெயர்களைத் தம் மக்களுக்கு இட்டு வழங்கினர். யாரொசிலாவ், சுவியாத்தொசிலாவ், மிசுதிசிலாவ், விசெவோலொத் முதலியன அத்தகையன. இவற்றுட் பலவற்றின் இறுதியில் வரும் 'சிலாவ்' என்பது புகழ் எனப் பொருள்படும். வடமொழியில் 'சிரவசு' என்பதும், கிரேக்க மொழியில் 'கிலேயொசு' என்பதும் இதனோடு ஒருவேர்ச் சொற்கள். புகழ், வலி, ஆட்சி, வென்றி ஆகியவற்றைக் குறிக்கும் இரு சொற்களை இணைத்துப் பெயரிடும் வழக்கம் இந்தோ ஐரோப்பிய மொழிகள் பலவற்றிற்கும் பொதுவானது. விளாதிமிர் என்பதும் இவ்வகைப் பெயரே. இது 'விளாதி' என்றும் 'மிர்' என்றும் பிரியும்.

கீவ் நகரத்து அரச மரபில் இத்தகைய பெயர்கள் புகுந்த காலத்தையும் நாம் அறிகிறோம். அம்மரபின் தொடக்கத்தில் நின்ற ஒலேக், ஈகோர், ஒல்கா என்பன வடபுலத்து ஸ்காந்திநேவியரின் பெயர்கள். எல்கி, இங்வார், எல்கா என்பவற்றின் திரிபுகள் அவை. ஈகோரின் மகனே முதன்முதலாகச் சிலாவியப் பெயர் பூண்டவன். அவனே சுவியாத்தொசிலாவ். அவன் தன் மக்களுள் ஒருவனுக்கு இட்ட பெயரே நாம் இங்கு ஆராய்வது. கீவ் நகரை ஆண்டு 1015ஆம் ஆண்டில் மறைந்த பெருவேந்தன் விளாதிமிர் அவனே.

ஆயினும் இப்பெயரைப் பூண்ட அரசருள் அவன் முதல்வன் அல்லன். அவனுக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்னரே பல்கேரிய நாட்டை விளாதிமிர் என்பான் ஒருவன் 889 முதல் 893 வரை ஆண்டான். கீவ் மரபினர் வடபுலத்திலிருந்து கொண்டுவந்த பெயரன்று இது என்பதற்கும், தென்சிலாவியரிடையே முன்னரே வழங்கியது என்பதற்கும் இதுவே சான்று.

முற்கூறு

முற்கூற்றின் பொருளில் ஐயம் இல்லை. 'ஆளுதல்' என்னும் வினையின் அடியே இஃது. இலித்துவேனிய மொழியில் ஆளுதலைக் குறிக்கும் 'வல்தீத்தி' என்பதும், பழைய கோத்திய மொழியில் அப்பொருள் தரும் 'வல்தன்' என்பதும் இதன் இனச்சொற்கள். ஆராயத்தக்கது இதன் பொருளன்று, வடிவே.

சிலாவிய மூலமொழியில் இச்சொல் 'வொல்த்-' என்னும் வடிவில் இருந்தது என்பர். உயிரை அடுத்து லகரமும் அதனையடுத்து மெய்யும் நின்ற இத்தகைய அசைகள் மூன்று கிளைகளிலும் மூவகையாகத் திரிந்தன. தென்சிலாவிய மொழிகளில் லகரமும் உயிரும் இடம் மாறி 'விளாத்-' என்றாயிற்று. போலந்து மொழியில் 'வுலொத்-' என்றாயிற்று. கீழைச் சிலாவியத்தில் லகரத்தின் இருபுறமும் உயிர் நின்று 'வொலொத்-' என்றாயிற்று. ரகரத்திற்கும் இதே விதி பொருந்தும். நகரம் என்னும் பொருளுடைய சொல் உருசியப் பேச்சுமொழியில் 'கொரோத்' என்றும், தென்சிலாவியத்தில் 'கிராத்' என்றும் வழங்கும். நோவ்கொரோத் என்னும் பழம்பெரும் நகர்ப்பெயரில் முன்னதையும், வொல்காகிராத் என்னும் பெயரில் பின்னதையும் காணலாம்.

அங்ஙனமாயின், உருசியர் தம் மொழி மரபுக்கு ஏற்ப வொலொதிமிர் என்று கூறாது விளாதிமிர் என்று கூறுவது ஏன் என்னும் வினா எழும். விடை சமய வரலாற்றில் உள்ளது. ஒன்பதாம் நூற்றாண்டில் கிரிலும் மெத்தோதியுவும் கிறித்துவ மறைநூல்களைச் சிலாவிய மொழியில் ஆக்கியபோது, தாம் அறிந்த தென்சிலாவியப் பேச்சினையே அடிப்படையாகக் கொண்டனர். அந்நூல்மொழி பல்கேரிய நாட்டில் வளர்ந்து, கிறித்துவத்தோடு கீவ் நாட்டிற்கு வந்தது. அன்றுமுதல் உருசிய மொழியில் ஒரே சொல் ஈருருவில் வழங்கலாயிற்று. தென்னக உருவம் ஏட்டு வழக்கிற்கும் உயர்ந்த பொருளுக்கும் உரியதாயிற்று. மண்ணுருவம் பேச்சிற்கும் அன்றாட வாழ்விற்கும் உரியதாயிற்று. நாம் ஆராயும் வேர்ச்சொல்லே இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 'விளாஸ்து' என்றால் அதிகாரம். 'வோலொஸ்து' என்றால் ஆட்சிக்கு உட்பட்ட சிறு நிலப்பிரிவு. இரண்டும் ஒரே சொல்லே.

இவ்விரு வழக்கும் இன்றளவும் ஒரே மனிதனது பெயரில் ஒருங்கே நிற்பது வியத்தற்குரியது. விளாதிமிர் என்று ஏட்டிற் பதிவான சிறுவனைத் தாய் அழைப்பது 'வொலோத்யா' என்று. உருசியர் வீடுகளில் வழங்கும் இச்செல்லப்பெயர் ஏட்டுப் பெயரின் குறுக்கமன்று. ஏடு கைவிட்ட பழைய மண்ணுருவத்தை இல்லம் கைவிடாது காத்ததன் அடையாளம் அது.

பிற்கூறு

இனி, கருத்து வேற்றுமைக்கு இடமான பிற்கூற்றினை நோக்குவாம்.

பண்டை உருசிய ஏடுகளில் இப்பெயர் பல இடங்களில் 'வொலொதிமேர்' என வருகின்றது. கீவ் நாட்டின் பழங்கதை கூறும் ஆண்டேட்டின் சுவடிகளுள் காலம் குறிக்கப்பெற்ற மிகப் பழையது, இலவரெந்தி என்னும் துறவி 1377ஆம் ஆண்டில் முன்னின்று படியெடுத்தது. அச்சுவடியிலும் இவ்வடிவம் காணப்படுகின்றது. 'மேர்' என்பதன் உயிரை 'யாத்' என்னும் தனியெழுத்தாலும், சில இடங்களில் எகர எழுத்தாலும் எழுதினர். யாத் என்பது சிலாவிய மூலமொழியின் நெட்டேகாரத்திலிருந்து பிறந்த ஒலியைக் குறிக்கும் எழுத்து. அமைதி எனப் பொருள்படும் 'மிர்' என்னும் சொல்லிலோ தொன்றுதொட்டு இகரமே உள்ளது. ஆகவே 'மேர்' வேறு, 'மிர்' வேறு.

அவ்வாறாயின் 'மேர்' என்பது யாது? சிலாவிய மொழிகளில் அது தனிச்சொல்லாக வழங்காமையின், இனமொழிகளிலேயே தேடுதல் வேண்டும். கோத்திய மொழியில் 'மேர்சு' என்பது புகழ்பெற்ற என்னும் பொருளில் தொடர்ச்சொற்களில் வருகின்றது. பழைய உயர்செருமானிய மொழியில் 'மாரி' என்பது பெயர்பெற்ற எனப் பொருள்படும். பழைய ஐரிசு மொழியில் 'மோர்' என்பது பெரிய என்னும் பொருளது. மக்சு பாசுமெர் என்னும் அறிஞர் 1950 முதல் 1958 வரை ஐதல்பெர்க்கு நகரில் வெளியிட்ட உருசியச் சொற்பிறப்பு அகராதியில் 'மேர்' என்பதை இச்சொற்களோடு சேர்த்தே விளக்கினர். 'மிர்' என்னும் வடிவம் அமைதியைக் குறிக்கும் சொல்லோடு மயங்கியதால் விளைந்தது என்பதும் அவர் கொள்கை. இவ்வாறு கொள்ளின் பெயர்ப்பொருள் 'ஆட்சியாற் பெரியோன்' அல்லது 'ஆட்சியாற் புகழ்பெற்றோன்' என்றாகும்.

இப்பொருள் பெயரிடு மரபோடும் இயைகின்றது. விளாதிசிலாவ் என்னும் பெயர் 'ஆட்சிப்புகழ் உடையோன்' எனப் பொருள்படும். அதனருகே விளாதிமேர் என்பதை வைத்து நோக்கின், முற்கூறு ஒன்றாகவும் பிற்கூறுகள் ஒருபொருட்கிளவிகளாகவும் அமைந்த இணைப்பெயர்கள் அவை என்பது விளங்கும்.

செருமானிய இனமொழிகளிலிருந்து மற்றுமொரு சான்றும் காட்டலாம். ஐந்தாம் நூற்றாண்டில் கீழைக் கோத்தியரை ஆண்ட உடன்பிறந்தார் மூவரின் பெயர்கள் வலமிர், தியூதிமிர், விதிமிர் என்பன. ஆறாம் நூற்றாண்டினரான யோர்தனீசு என்பார் இலத்தீன் மொழியில் எழுதிய கோத்தியர் வரலாற்றால் இவற்றை அறிகிறோம். இவற்றின் இறுதியில் நிற்பதும் 'மிர்' என்றே ஒலிப்பினும், அது 'மேர்சு' என்பதன் திரிபே. கோத்திய மொழியின் நெட்டேகாரம் பிற்காலத்தே ஈகாரமாய் ஒலித்தது. எனவே, ஒரு பெயரின் இறுதியில் 'மிர்' என்னும் ஒலி நிற்றல் மட்டுமே அது சிலாவியச் சொல்லாகிய 'மிர்' என்பதற்குச் சான்றாகாது. சிலாவிய 'மேர்' கோத்தியரிடமிருந்து பெற்ற கடனா, இருமொழிக்கும் பொதுவாய் வந்த வழிவழிச் சொல்லா என்பதில் அறிஞர் இருதிறப்படுவர். எவ்வாறாயினும் பொருள் ஒன்றே.

காசும் சுவடியும்

இனி, இக்கொள்கைக்கு எதிராக எழத்தக்க வலிய தடையொன்றை மறையாது கூறுதல் வேண்டும். கீவ் வேந்தன் விளாதிமிர் தன் பெயரால் பொற்காசும் வெள்ளிக்காசும் அடித்தான். விளாதிமிர் அரியணையில் வீற்றிருக்கின்றான் என்னும் கருத்துடைய எழுத்துக்கள் அவற்றிற் பொறிக்கப்பெற்றுள்ளன. அங்கே காணப்படும் வடிவம் வொலொதிமேர் அன்று, விளாதிமிர் என்பதே. காசுகளோ 1377ஆம் ஆண்டுச் சுவடிக்கு மூன்று நூற்றாண்டுகட்கு மேல் முற்பட்டன. முற்பட்ட சான்று 'மிர்' எனவும் பிற்பட்ட சான்று 'மேர்' எனவும் கூறினால், முற்பட்டதையன்றோ மூலமாகக் கொள்ளல் வேண்டும் என்று வினவலாம்.

தமிழ்ச் சுவடிகளைப் பதிப்பித்தோர் இவ்வினாவிற்கு விடை காணும் நெறியை நன்கறிவர். சுவடியின் காலம் வேறு, பாடத்தின் காலம் வேறு. பிற்காலச் சுவடியொன்று முற்காலப் பாடத்தைக் காத்து வைத்திருத்தல் கூடும். இரு பாடங்களுள் எதிலிருந்து எது திரிந்திருக்கும் என்று காண்பதே முறை. அரிய சொல் நின்ற இடத்தில் அறிந்த சொல்லைப் பெய்வது எழுதுவோர் இயல்பு. அறிந்த சொல்லை அகற்றி எவர்க்கும் விளங்காத சொல்லைப் பெய்தற்கு யாதொரு காரணமும் இல்லை. 'மிர்' என்பது ஒவ்வொரு சிலாவியனும் அறிந்த சொல். 'மேர்' என்பது தனித்து வழங்காத சொல். 'மிர்' என்பதே மூலமாயின், அதனை 'மேர்' என மாற்றியவன் யாவன், எதற்காக மாற்றினான் என்பதற்கு விடையில்லை. 'மேர்' மூலமாயின், 'மிர்' பிறந்ததற்குக் காரணம் வெளிப்படை.

காசின் எழுத்தும் இதற்கு மாறுபடுவதன்று. அதன் முற்கூறு 'விளாத்-' எனத் தென்சிலாவிய வடிவில் இருத்தலை நோக்குக. காசு பொறித்தோர் மண்ணின் பேச்சை எழுதவில்லை, பல்கேரியாவிலிருந்து வந்த ஏட்டு மரபையே எழுதினர் என்பது இதனாற் பெறப்படும். ஆகவே காசு நமக்கு உணர்த்துவது ஒன்று. 'மேர்' 'மிர்' ஆகிய மயக்கம் மிகப் பழையது, பெருவேந்தன் காலத்திலேயே ஏட்டு வழக்கில் அது வேரூன்றிவிட்டது என்பதே அது. ஆண்டேட்டுச் சுவடிகளோ பேச்சு வழக்கிற்கு அணுக்கமான வொலொதிமேர் என்னும் வடிவைப் பின்னரும் தொடர்ந்து காத்தன.

'உலகை ஆள்பவன்' என்னும் பொருளோ இதனினும் பிற்பட்டது. 'மிர்' என்னும் சொல்லின் பழம்பொருள் இணக்கம், அமைதி என்பது. அன்பிற்குரிய என்னும் பொருளுடைய 'மீலி' என்னும் உருசியச் சொல்லோடு அதனை இணைத்துக் காண்பர். மறைநூலை மொழிபெயர்த்தோர் கிரேக்க மொழியில் அமைதியைக் குறிக்கும் சொல்லுக்கும் உலகத்தைக் குறிக்கும் சொல்லுக்கும் 'மிர்' என்பதையே பெய்தனர். சுவியாத்தொசிலாவோ இறுதிவரை பழைய தெய்வங்களையே வழிபட்டவன். அவன் தன் மகனுக்குப் பெயரிட்டபோது மறைநூல் மொழியின் 'உலகம்' என்னும் பொருளை எண்ணினான் என்றல் காலத்தோடு பொருந்தாது.

இம்மயக்கத்திற்குத் துணைசெய்த மற்றொன்றையும் குறிப்பிடலாம். பசிபிக்குக் கடற்கரையில் 1860ஆம் ஆண்டில் உருசியர் நிறுவிய நகரம் விளாதிவொசுதோக்கு. 'வொசுதோக்கு' என்றாற் கிழக்கு, ஆகவே கிழக்கை ஆள்க என்பது அந்நகர்ப் பெயரின் பொருள். 1784ஆம் ஆண்டில் எழுந்த விளாதிகவ்காசு என்னும் கோட்டைப் பெயரும் அவ்வாறே காக்கசு மலைநாட்டை ஆள்க எனப் பொருள்படும். இவற்றை ஒப்பவைத்து, விளாதிமிர் என்பதற்கும் உலகை ஆள்க என்று பொருள் கொள்வாருளர். எட்டு நூற்றாண்டுகட்குப் பிற்பட்டு ஒரு பேரரசு தன் விருப்பத்திற்கேற்ப ஆக்கிக்கொண்ட பெயர்களைக் கொண்டு, பழங்குடித் தலைவர்களின் பெயருக்குப் பொருள் காண்பது நெறியன்று.

பெயர் பிழைத்த வரலாறு

உருசியரிடையே மிகுதியாய் வழங்கும் பெயர்களை நோக்கின், அவற்றுட் பெரும்பாலான பிறநாட்டனவாக இருத்தலைக் காணலாம். அலெக்சாந்தர், நிக்கொலாய், வசீலி, கியோர்கி என்பன கிரேக்கப் பெயர்கள். இவான், மிகயீல் என்பன எபிரேயப் பெயர்கள். கிறித்துவத் திருச்சபை தன் புனிதர் நாட்குறிப்பில் உள்ள பெயர்களையே நீராட்டின்போது இட்டமையால், பழைய சிலாவியப் பெயர்கள் மெல்ல மெல்ல மறைந்தன. அவ்வெள்ளத்தில் விளாதிமிர் என்னும் பெயர் மூழ்காது நின்றதன் காரணம் யாது?

988ஆம் ஆண்டில் கீவ் வேந்தன் கிறித்துவம் தழுவினான் என்று ஆண்டேடு கூறும். அப்போது அவனுக்கு இட்ட பெயர் வசீலி. பிசாந்தியப் பேரரசனாகிய இரண்டாம் வசீலியின் தங்கை அன்னாவை அவன் மணந்தான். அக்காலத்து அரச மரபினர்க்கு உலகியற் பெயர் ஒன்றும் நீராட்டுப் பெயர் ஒன்றுமாக இரு பெயர்கள் இருந்தன. அவன் மகன் அறிஞன் யாரொசிலாவுக்குக் கியோர்கி என்றும், கொலையுண்டு புனிதராகப் போற்றப்பெற்ற மக்கள் போரிசு, கிலேப் ஆகியோர்க்கு முறையே உரோமான், தாவீது என்றும் நீராட்டுப் பெயர்கள் இருந்தன. ஆயின் திருச்சபை இவர்களைப் புனிதர் வரிசையில் வைத்தபோது, மக்கள் நாவில் நின்ற உலகியற் பெயராலேயே நினைவு கூர்ந்தது. திருத்தூதர்க்கு ஒப்பானவன் எனப் போற்றப்பெறும் பெருவேந்தன் இன்றும் புனித விளாதிமிரே, புனித வசீலி அல்லன். பழஞ்சமயத் தந்தை இட்ட பெயர் புதுச்சமயத்தின் நாட்குறிப்பில் இடம்பெற்றது. அதனால் பின்வந்த தலைமுறையினர் அதனைத் தம் மக்கட்குத் தடையின்றி இடலாயினர். நாட்டுப்புற வீரப்பாடல்களும் அவனைச் செஞ்ஞாயிறு என்னும் அடைகொடுத்துப் பாடி, பெயரைப் பொதுமக்களிடையே நிலைநிறுத்தின.

பல்கேரிய விளாதிமிரின் வரலாறு இதற்கு நேர்மாறானது. அவன் தன் தந்தை போரிசு நிலைநாட்டிய கிறித்துவத்தை நீக்கிப் பழைய வழிபாட்டை மீட்க முயன்றான். துறவு பூண்டிருந்த தந்தை வெளிவந்து, அவனை அரசினின்று நீக்கிக் கண்ணிழக்கச் செய்து, இளையவனாகிய சிமியோனை அரியணை ஏற்றினான். ஒரு பெயர் பூண்ட இருவருள் ஒருவன் பழஞ்சமயத்திற்காக அரசிழந்தான், மற்றவன் புதுச்சமயத்தால் புனிதனானான். பெயரின் வாழ்வும் தாழ்வும் அதன் சொற்பொருளாலன்றி, அதனைப் பூண்டோர் வரலாற்றாலேயே அமையும் என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

இப்பெயர் அரச மணவுறவால் அயல்நாட்டிற்கும் சென்றது. பெருவேந்தனின் கொள்ளுப்பேரனாகிய விளாதிமிர் மொனொமாக்கு 1125ஆம் ஆண்டில் மறைந்தான். அவன் மகனாகிய மிசுதிசிலாவின் மகள் இங்கிபோர்க்கு தென்மார்க்கு அரசகுடியில் மணமுடித்தாள். அவள் 1131ஆம் ஆண்டில் ஈன்ற மகனுக்கு மொனொமாக்கின் பெயரையே இட்டனர். பின்னர்த் தென்மார்க்கை ஆண்ட முதலாம் வல்தெமார் அவனே. அந்நாட்டார் இப்பெயரை ஏற்றபோது இரு கூறுகளையும் தம் இனச்சொற்களாலேயே ஒலித்தனர். 'வல்த்' என்பதும் ஆட்சியே, 'மார்' என்பதும் புகழே. கீழைநாடுகளில் 'மிர்' என மயங்கிய பிற்கூறு, கடல்கடந்து சென்ற நாட்டில் தன் பழம்பொருளைத் தரும் இனச்சொல்லோடு மீண்டும் சேர்ந்தது.

எழுத்துச் சீர்திருத்தமும் இக்கால வழக்கும்

1918ஆம் ஆண்டில் உருசிய எழுத்துமுறை சீர்திருத்தப்பெறும் வரையில், அமைதியைக் குறிக்கும் 'மிர்' ஓர் இகர எழுத்தாலும், உலகத்தைக் குறிக்கும் 'மிர்' மற்றோர் இகர எழுத்தாலும் எழுதப்பெற்றன. ஒலியில் வேறுபாடில்லை. தோல்சுதோயின் பெருநாவலின் தலைப்பில் நிற்பது அமைதியைக் குறிக்கும் எழுத்தே. அந்நாவலைத் தமிழாக்கிய டி. எஸ். சொக்கலிங்கம் 'போரும் வாழ்வும்' எனப் பெயரிட்டார். சொல்லின் அகன்ற பொருட்பரப்பு மொழிபெயர்ப்பாளரையும் எத்துணை ஈர்க்கும் என்பதை இதனால் உணரலாம். விளாதிமிர் என்னும் பெயரையோ அச்சு நூல்கள் பலவும் உலகத்தைக் குறிக்கும் எழுத்தாலேயே வெளியிட்டன. பழைய 'மேர்' முதலில் 'அமைதி' ஆகிப் பின் 'உலகம்' ஆன பொருள் வளர்ச்சியின் முடிவு அவ்வெழுத்திலேயே பதிந்தது. 1918க்குப் பின் ஈரெழுத்தும் ஒன்றானமையின் அவ்வேறுபாடும் மறைந்தது.

சோவியத்துக் காலத்தில் லெனினது புகழால் இப்பெயர் புதுவாழ்வு பெற்றது. விளாதிமிர் லெனின் என்னும் தொடரைச் சுருக்கி விளாத்லேன் எனவும், முதலெழுத்துக்களைச் சேர்த்து விலேன் எனவும் மக்கட்குப் பெயரிட்டனர். புனிதர் நாட்குறிப்பால் பிழைத்த பெயர், சமயத்தை விலக்கிய ஆட்சியிலும் தழைத்தது நோக்கத்தக்கது.

உக்ரேனியர் இப்பெயரை வொலொதிமிர் என்றும், பெலருசியர் உலாசிமிர் என்றும் வழங்குவர். 2022ஆம் ஆண்டில் உருசியா உக்ரேன்மீது பெரும்போர் தொடுத்தபோது இரு நாட்டுத் தலைவர்களும் இவ்வொரு பெயரையே இரு வடிவிற் பூண்டிருந்தனர். கீவ் நகரில் 1853ஆம் ஆண்டிலும், மாசுக்கோவில் 2016ஆம் ஆண்டிலும் பெருவேந்தனுக்குச் சிலைகள் எழுந்தன. வேந்தன் எவர்க்கு உரியவன் என்னும் வழக்கில் பெயரின் வடிவமும் சான்றாக இழுக்கப்படுகின்றது. மொழிநூலார் இதிற் கூறத்தக்கது இதுவே. உக்ரேனிய வடிவம் முற்கூற்றில் பண்டைக் கீவ் நாட்டின் பேச்சுருவத்தைக் காத்துள்ளது. உருசிய வடிவம் அங்கே தென்சிலாவிய ஏட்டுருவத்தைக் கொண்டுள்ளது. பிற்கூற்றில் இரண்டும் ஒருபடியாகவே மாறியுள்ளன. பழைய யாத் ஒலி உக்ரேனிய மொழியில் மாறும் முறைப்படி மாறாது, 'அமைதி'யைக் குறிக்கும் சொல்லின் உயிரே அங்கும் நிற்கின்றது. எனவே மூல வடிவத்தை முழுமையாகக் காத்தவர் எவருமிலர். இருவர் வடிவமும் ஒரே வரலாற்றின் இரு கிளைகள்.

தமிழில் எழுதும் முறைபற்றியும் ஒரு சொல் கூறுதல் வேண்டும். ஆங்கில வழியாக வந்த 'விளாடிமிர்' என்னும் வடிவம் பெருவழக்காயுள்ளது. உருசிய மொழியில் இவ்விடத்தே ஒலிப்பது பல்லொலி ஆதலின், டகரத்தினும் தகரமே அதற்கு அணுக்கமானது. மொழிமுதற்கண் மெய்ம்மயக்கம் தமிழில் நில்லாமையின் இகரம் பெய்து 'விளாதிமிர்' என எழுதுதலே நம் மரபிற்கும் மூலவொலிக்கும் பொருந்துவது.

முடிவுரை

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் இப்பெயர்க்கு மூவகைப் பொருள் உண்மை பெறப்படும். 'ஆட்சியாற் பெரியோன்' என்பது பிறப்புப் பொருள். 'அமைதியை ஆள்பவன்' என்பது பெருவேந்தன் காலத்திற்குள்ளேயே மயக்கத்தால் வந்த வழக்குப் பொருள். 'உலகை ஆள்பவன்' என்பது அதனினும் பிற்பட்ட விரிவுப் பொருள். பின்னிரண்டும் பிழையிற் பிறந்தன ஆயினும், பல நூற்றாண்டுகளாகப் பெற்றோர் தம் மக்கட்குப் பெயரிட்டபோது நெஞ்சிற் கொண்ட பொருள்கள் அவையே. ஆதலின் அவற்றை வெறும் பொய் எனத் தள்ளுதல் வரலாற்றைத் தள்ளுதலாகும். அவற்றையே மூலப்பொருள் எனக் கொள்ளுதலோ மொழிநூலைத் தள்ளுதலாகும்.

பெயரின் இன்றைய வடிவைப் பிரித்துக் கண்ட பொருளையே அதன் பிறப்புப் பொருளாகக் கூறும் வழக்கம் எம்மொழியாளரிடத்தும் உண்டு. நம்மிடத்தும் உண்டு. மிகப் பழைய வடிவைத் தேடுதல், இனமொழிகளோடு ஒப்பிடுதல், பாடங்களுள் எதிலிருந்து எது திரிந்தது என ஆராய்தல், ஒவ்வொரு பொருளும் தோன்றிய காலத்தை வரையறுத்தல் என்னும் நான்கு படிகளையும் கடந்தபின்னரே பெயர்ப்பொருள் கூறத் துணிதல் வேண்டும். உலகாள்வோன் என்னும் பொருள் கேட்போர்க்கு இனிமை பயப்பதாகலாம். ஆட்சியாற் பெரியோன் என்பதே சான்றுகள் நம்மை இட்டுச்செல்லும் முடிபாகும்.